ஆறடி இருட்டு: நிர்மாணக் கலை பயிலும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

சென்ற மாதம் உங்கள் கல்லூரியின் பழைய கட்டடத்தில் நீங்கள் நடத்திய கண்காட்சிக்கு மூன்று நாளும் வந்து போனவர்களில் நானும் ஒருவன். உங்களில் சிலருடைய முகம் நினைவில் இருக்கிறது, பெயர் தெரியாது. அதோடு, நான் சொல்ல விரும்பும் விஷயம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. இன்ஸ்டலேஷன் என்று நீங்கள் வகுப்பில் வழங்கும் இந்த நிர்மாணக் கலையில் மனம் பதித்து, வெளி என்பதை மனிதன் எவ்வாறு உணர்கிறான் என்ற கேள்வியைத் தங்கள் படைப்புக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கும் வேறு ஊர் மாணவர்களுக்கும் அது உரியது என்று கருதுவதால், தனிக் கடிதமாக எழுதாமல் பத்திரிகை வாயிலாக எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் நான்காவது அறையில், ஐந்தாவது அறைக்குப் போகும் வாசலை ஒட்டிக் கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உத்தரத்தில் பொருத்திய சென்சார் வந்தவரின் கையசைவைக் கண்டுகொண்டதும், புரொஜெக்டர் எதிர்ச்சுவரில் வீசிய நீலக் கோடுகள் இரு பக்கமும் விலகி, சுவர் இருந்த இடத்தில் ஒரு நெடிய தாழ்வாரம் உள்வாங்கிப் போவது போலத் தோன்றும். கையை இறக்கினால் தாழ்வாரம் மறைந்து சுவர் திரும்பிவிடும். வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமே இல்லை. அதற்காக எத்தனை இரவு கண்விழித்திருப்பீர்கள் என்பதும் எனக்குப் புரிந்தது. ஆயினும், வந்தவர்கள் கையைத் தூக்கினார்கள், கோடுகள் விலகின. மறுபடி தூக்கினார்கள், மறுபடி விலகின. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அப்பால் போனார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பிற்பகலில் அங்கே இரண்டு நிமிஷம் நின்றவர் ஒருவர்கூட இல்லை.

அந்த அறையின் வெளிச்சம் அடுத்த அறையில் விழாமல் இருப்பதற்காக, இடையில் இரண்டு தடித்த கறுப்புத் திரைகளைத் தொங்கவிட்டு, அவற்றின் நடுவே ஆறடி நீளத்துக்கு ஓர் இருட்டு வழி விட்டிருந்தீர்கள். அதற்கு எண் இல்லை, தலைப்பு இல்லை, விளக்க அட்டை இல்லை. அதை ஒரு படைப்பென்று நீங்களே நினைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் என் ஸ்டூல் அந்தத் திரையை ஒட்டி இருந்தபடியால், உள்ளே நடப்பதெல்லாம் என் காதில் விழுந்தது. சிரித்துப் பேசிக்கொண்டு நுழைந்தவர்களின் குரல், முதல் திரை பின்னால் விழுந்ததும் தணிந்தது. செருப்புச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. யாரோ சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனார்கள். "கையைப் பிடிச்சுக்கோ" என்றாள் ஒரு தாய். அவளோடு வந்த, எட்டு வயதிருக்கும் சிறுமி, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத் திரும்பி உள்ளே நுழைந்து, ஒரு காலின் குதியை மறு காலின் விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்து, திரையை விலக்கி என் அருகில் நின்றாள். "ஒம்பது பாதந்தாம்மா! போறப்ப எவ்ளோ நீளமா இருந்துச்சு!" என்று அப்பால் இருந்த தாயை நோக்கிக் கூவினாள்.

உங்கள் கண்காட்சியில் வெளியைப் பற்றிப் பேசிய படைப்புகள் ஏழு இருந்தன. வெளியை ஒருவர் தம் உடம்பால் உணரும்படி செய்தது அந்த ஆறடி இருட்டு ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். உங்கள் பிரயாசையைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. கைக்கு வந்துவிட்ட ஒரு செல்வத்தை, அது செல்வம் என்று அறியாமலே, திரையோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிடப் போகிறீர்களே என்ற கவலையால் எழுதுகிறேன்.

தூரத்தை நாம் கண்ணால் காண்கிறோம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அயர்லாந்தில் பிறந்த தத்துவஞானி ஜார்ஜ் பார்க்லி, பார்வையைப் பற்றி 1709ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அது அவ்வாறு அன்று என்று வாதித்தார். ஒரு பொருளிலிருந்து கண்ணை நோக்கி வரும் கோடு நீண்டதாயினும் குறுகியதாயினும் கண்ணின் அடியில் அது பதிப்பது ஒரே புள்ளியைத்தான். ஆகவே தூரத்தைக் கண் நேராக அறிவதில்லை, நடந்தும் தொட்டும் நாம் சேர்த்து வைத்த அனுபவமே பார்வையோடு கலந்து தூரம் என்ற உணர்வைத் தருகிறது என்பது அவருடைய சித்தாந்தம். இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1963இல், ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலார் இதற்கு அண்மையான ஒரு கேள்வியைப் பூனைக்குட்டிகளிடம் கேட்டார்கள். இருட்டில் வளர்ந்த குட்டிகளை நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கோடுகள் வரைந்த வட்டச் சுவருக்குள், ஒரு சிறு ராட்டினத்தின் இரு முனைகளில் ஜோடி ஜோடியாகப் பூட்டினார்கள். ஒரு குட்டி தன் காலால் நடந்தது. மற்றது தொட்டிலில் உட்கார்ந்தபடி, முதற்குட்டி போன போக்குக்கெல்லாம் சுமந்து செல்லப்பட்டது. இரண்டின் கண்ணிலும் பட்ட காட்சி ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது; சுமக்கப்பட்ட குட்டிக்குப் பள்ளமும் சமதளமும் ஒன்றாகவே இருந்தன. தன் காலால் நடமாட விட்ட பின்னர்தான் அதற்கும் அந்த அறிவு வந்தது. நான்காவது அறையில் கையைத் தூக்கிவிட்டுப் போனவர்களை எண்ணும்போது அந்தத் தொட்டில் குட்டியின் ஞாபகம் எனக்கு வருகிறது. அவர்களுடைய கை அசைந்தது மெய்தான்; ஆனால் சுவரில் திறந்த அந்தத் தாழ்வாரத்துக்குள் அவர்கள் ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கலையின் முன்னோடிகளில் நான் மிகவும் மதிப்பவர் ஜேம்ஸ் டரெல். 1943இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்த அவர், பொமோனா கல்லூரியில் புலனுணர்வு உளவியல் பயின்று 1965இல் பட்டம் பெற்ற பிறகே கலைக்கு வந்தவர். மறு ஆண்டு சான்டா மோனிகாவில் மென்டோட்டா என்ற பழைய ஹோட்டலை வாடகைக்கு எடுத்து, ஜன்னல்களை அடைத்து, வெளிச்சம் ஒன்றையே பண்டமாக வைத்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினார். சுவர் மூலையில் அவர் வீசிய ஒளி, மூலையில் படிந்து கிடக்காமல், அதை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும் ஒரு திண்ணமான கனசதுரமாகத் தெரிந்தது. 1960களின் இறுதியில் ராபர்ட் இர்வின் என்ற கலைஞரோடும், விண்வெளிப் பயணத்துக்குரிய சாதனங்களைச் செய்த நிறுவனத்தில் பணியாற்றிய எட் வொர்ட்ஸ் என்ற உளவியலாரோடும் சேர்ந்து, எதிரொலி சிறிதும் எழாத அறையில் உட்கார்ந்து, வெளியே ஒன்றும் இல்லாதபோது புலன்கள் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தார். பொருளைச் செய்து வைப்பதற்கு முன்னால் பார்ப்பவனைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும் என்ற அந்த ஒழுக்கத்தை நீங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

அவருடைய படைப்புகளில் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் நேரில் காணும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடலில் நவோஷிமா என்று ஒரு சிறு தீவு. அதில் ஹொன்முரா என்ற கிராமம். ஒரு காலத்தில் கோயில் இருந்த மனையில், தடாவ் ஆண்டோ என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 1999இல் எழுப்பிய, தீயில் கருக்கிய மரப்பலகைகளால் ஆன கறுப்புக் கட்டடம். மினாமிதேரா என்பது பெயர். தென்கோயில் என்று பொருள். 'சந்திரனின் மறுபக்கம்' என்ற டரெலின் படைப்பு அதற்குள் இருக்கிறது. ஒரு தடவைக்குச் சிலரை மட்டுமே அனுமதிக்கிறார்கள். சுவரில் வைத்த கையை எடுக்காமல் நடந்து வரும்படி அங்கிருந்த பணியாளர் சொன்னார். திருப்பங்களைக் கடந்ததும் வெளிச்சம் அற்றுப்போயிற்று. என் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தேன், கை தெரியவில்லை. தடவிப் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

முதலில் அந்த அறை என் முகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு விட்டால் அது சுவரில் பட்டுத் திரும்பும் என்று தோன்றிற்று. பக்கத்தில் இருந்தவர் அசைந்து உட்கார்ந்தபோது, அவர் இருந்த அளவுக்கு அறை அகன்றது. பின்னர் யாரோ தொண்டையைச் செருமினார். அந்த ஒலி சென்று அடங்கிய விதத்திலிருந்து, நாங்கள் இருப்பது பெரியதொரு மண்டபம் என்பது திடீரென்று தெரிந்து, எனக்கு இலேசாக அச்சமும் உண்டாயிற்று. ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, கணக்கு வைக்க முடியவில்லை, எதிரே ஒரு வெளிறல் எழுந்தது. சாம்பல் நிறம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. நேரே பார்த்தால் மறைந்தது. சற்று ஒதுக்கிப் பார்த்தால் வந்து நின்றது. மெல்ல மெல்ல அது ஒரு நீள்சதுரமாயிற்று. எழுந்து அதனிடம் போகலாம் என்று பணியாளரின் குரல் கேட்டது. கைகளை நீட்டிக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்துப் போனோம். திரை ஒன்று இருக்கும் என்று நான் நம்பியிருந்த இடத்தில் என் விரல்கள் எதிலும் தட்டவில்லை. முழங்கைவரை உள்ளே போயின. அது வெறும் திறப்பு. அதற்கு அப்பால் மங்கிய ஒளி நிரம்பிய வெற்றிடம். நாங்கள் நுழைந்த கணத்திலிருந்து அந்த ஒளி அதே அளவில்தான் இருந்தது என்றும், மாறியது எங்கள் கண்தான் என்றும் அவர் விளக்கியபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை.

இதில் மாயவித்தை ஒன்றும் இல்லை. விழித்திரையில் நிறம் காண உதவும் கூம்பணுக்கள் சுமார் பத்து நிமிஷத்துக்குள் இருட்டுக்குப் பழகிக்கொண்டு, அதற்கு மேல் முன்னேற மாட்டாமல் நின்றுவிடுகின்றன. மங்கிய ஒளியைக் காணும் கோலணுக்களோ, வெளிச்சத்தில் வெளுத்துப்போன தம் நிறமியைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொண்டு முழுச் சக்தியை அடைய அரைமணி நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. விழித்திரையின் மையத்தில் கோலணுக்கள் கிடையா. நேரே நோக்கியபோது அந்த வெளிறல் மறைந்ததற்குக் காரணம் அதுவே. நீங்கள் விலை கொடுத்து வாங்கும் எந்தச் சென்சாருக்கும் சமமான நுட்பம் வாய்ந்த ஒரு கருவியை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் ஒவ்வொருவரும் தம் முகத்திலேயே கொண்டுவருகிறார்கள். அது வேலை செய்யத் தொடங்குவதற்குச் சிறிது காலம் வேண்டும். அந்தக் காலத்தை உங்களுடைய நான்காவது அறை கொடுக்கவில்லை.

"ஜனங்களுக்குப் பொறுமை இல்லை சார், அரை நிமிஷத்துக்குள் ஏதாவது நடக்காவிட்டால் போய்விடுகிறார்கள்" என்று உங்களில் ஒருவர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். அவர் கூற்றை நான் ஒப்புக்கொள்ளவில்லை. லண்டனில் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் ஹாலில், 2003 அக்டோபர் முதல் 2004 மார்ச் வரை, ஓலாஃபர் எலியாசன் அமைத்த 'வானிலைத் திட்டம்' என்ற படைப்பை இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். முன்பு மின்னாக்கிகள் ஓடிய அந்த மாபெரும் கூடத்தின் கோடியில், ஏறத்தாழ இருநூறு விளக்குகளாலான அரைவட்டம். கூரை முழுவதும் கண்ணாடி. இடையில் மெல்லிய பனிமூட்டம். கண்ணாடியில் அரைவட்டம் முழுவட்டச் சூரியனாயிற்று. கூடத்தின் உயரம் இரட்டித்தது. ஒற்றை மஞ்சளை மட்டும் உமிழும் அந்த விளக்கொளியில் மற்ற நிறங்களெல்லாம் அவிந்தன. அங்கே வந்த ஜனங்கள், ஒருவரும் சொல்லாமலே, தரையில் மல்லாந்து படுத்தார்கள். கூரையில் எறும்பளவில் தெரியும் தம் உருவத்தைக் கண்டுபிடிக்கக் கையையும் காலையும் அசைத்தார்கள். முன்பின் அறியாதவர்கள் கூட்டாகப் படுத்து உடம்பால் எழுத்துக்கள் அமைத்தார்கள். நெடுநேரம் அங்கேயே கிடந்தார்கள். அந்தக் கூடத்தில் அவர்களுடைய அசைவைக் கண்டறியும் யந்திரம் ஏதும் இல்லை. விளக்குகளும் கம்பிகளும் எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதைக்கூடப் பின்புறம் சென்று பார்க்கும்படி எலியாசன் திறந்தே விட்டிருந்தார். தாம் செய்வதற்கு ஒன்று இருந்தால் ஜனங்கள் எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருப்பார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

சென்சாரையும் கம்ப்யூட்டரையும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அவற்றைக் கொண்டு வெளியை விசாரித்தவர்களில் மூத்தவரான மைரன் க்ரூகரின் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். 1969இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவரும் வேறு சிலரும் சேர்ந்து 'க்ளோஃப்ளோ' என்ற இருட்டறையை அமைத்தார்கள். ஒளிரும் திரவம் ஓடும் குழாய்களைத் தவிர அங்கே கண்ணுக்கு எதுவும் தெரியாது. அவற்றைப் பொருத்திய விதத்தால் அறையின் வடிவமே மாறித் தோன்றிற்று. தரையில் கால் பட்டால் உணரும் பட்டைகள் இருந்தன. ஆனால் அறையின் சாந்தம் கெடாமல் இருக்க வேண்டும் என்று, பதிலை வேண்டுமென்றே தாமதிக்க விட்டார்கள். ஆகவே தம் அடிவைப்புக்குத்தான் அறை பதில் சொல்கிறது என்பது வந்தவர்களில் பலருக்குத் தெரியாமலே போயிற்று. இதிலிருந்து க்ரூகர் கற்றுக்கொண்ட பாடம், பதில் உடனே வர வேண்டும், வந்தவனுக்கு அது புரியவும் வேண்டும் என்பது. உங்கள் நான்காவது அறை இந்தப் பாடத்தைத்தான் பின்பற்றுகிறது. அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மறு ஆண்டு அவருக்கு நேர்ந்த வேறொரு சம்பவத்தை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். 'மெட்டாப்ளே' என்ற படைப்புக்காகக் கண்காட்சிக் கூடத்தையும் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இருந்த கம்ப்யூட்டரையும் வீடியோவால் இணைத்திருந்தார்கள். ஒரு கோளாறைக் கண்டறிவதற்காக, இரு முனைகளிலும் இருந்தவர்கள் ஒரே திரையில் தோன்றிய வரைபடத்தை விரலால் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, க்ரூகருடைய கையின் பிம்பம் தோழரின் கைப் பிம்பத்தின்மேல் படிந்தது. தோழர் தம் கையை மெல்ல அப்பால் இழுத்துக்கொண்டார். தொடவே முடியாத தூரத்தில் இருந்த கைக்கு அவர் இடம் விட்டார்! அந்தச் சிறு அசைவில், திரையில் உள்ள வெளியும் ஒரு மெய்யான இடமே என்பதை க்ரூகர் கண்டுகொண்டார்; 1970களில் அவர் வளர்த்தெடுத்த 'வீடியோப்ளேஸ்' அதன் விளைவு. யந்திரம் எவ்வளவு விரைவாகப் பதில் சொல்லிற்று என்பதில் அன்று ஒரு விசேஷமும் இல்லை; ஒரு மனிதனுடைய உடம்பு அவனை அறியாமலே பதில் சொன்னதில்தான் எல்லாம் இருந்தது.

கனடாவைச் சேர்ந்த ஷார் டேவிஸ் இன்னும் ஒரு படி உள்ளே போனார். 1995இல் மான்ட்ரியால் நகரில் காட்டப்பட்ட அவருடைய 'ஆஸ்மோஸ்' என்ற படைப்பில், தலையில் திரைக்கவசம் அணிந்து ஒருவர் ஒரு கற்பனை வனத்துக்குள் போகிறார். கைக்கருவி ஏதும் கிடையாது. மார்பைச் சுற்றிய ஓர் அங்கி மூச்சை அளக்கிறது. மூச்சை இழுத்தால் மேலே எழலாம், விட்டால் கீழே இறங்கலாம், உடம்பைச் சாய்த்தால் அந்தப் பக்கம் நகரலாம். ஆழ்கடலில் முக்குளித்த பழக்கத்திலிருந்து டேவிஸ் இதைப் பெற்றார். அங்கே விரைந்து செல்வதற்கு வழியில்லை. மூச்சுக்கு மேல் வேகம் ஏது? வெளியே வந்தபோது சிலர் கண்ணீர் விட்டதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒருவருடைய இடவுணர்வைத் தளர்த்துகிறோம் என்றால் அவருடைய எலும்புக்கும் தோலுக்கும் நாம் பொறுப்பேற்கிறோம் என்று அர்த்தம். 1980இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில், டரெல் ஒளியால் எழுப்பிய தோற்றத்தைச் சுவரென்று நம்பிச் சாய்ந்து விழுந்தவர்கள் உண்டு. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அனிஷ் கபூரின் 1992ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்றில், தரையில் உள்ள குழி, உட்புறம் பூசிய கருமையால், ஆழமற்ற கறுப்பு வட்டமாகவே தெரியும். 2018இல் போர்ச்சுக்கலின் போர்ட்டோ நகரில் அது காட்சிக்கு இருந்தபோது, சுமார் எட்டடி ஆழமுள்ள அந்தக் குழிக்குள் ஒருவர் விழுந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஜப்பானின் யோரோ பூங்காவில் அராகாவாவும் மேடலின் கின்ஸும் 1995இல் அமைத்த, மட்டமான தரையே அரிதாக உள்ள மேடு பள்ள மைதானத்தில், வருகிறவர்களுக்குத் தலைக்கவசம் கொடுக்கிறார்கள். உங்கள் ஆறடி வழியில் ஒரு மின்கம்பி தரையில் குறுக்கே கிடந்தது. அந்தச் சிறுமியின் கால் அதில் தடுக்கியதை நான் கேட்டேன். நல்லவேளையாக அவள் விழவில்லை.

ஆண்டு இறுதியில் அடுத்த கண்காட்சி என்று உங்கள் வாசல் பலகையில் எழுதியிருக்கக் கண்டேன். அதே கட்டடம் கிடைக்குமானால், என் வேண்டுகோள் இது. அந்தக் கறுப்புத் திரைகளைக் கழற்றி உள்ளே வைத்துவிடாதீர்கள். ஆறடியைப் பன்னிரண்டடி ஆக்குங்கள்; தரையில் ஒரு கம்பியும் கிடக்க வேண்டாம்; இடுப்பளவு உயரத்தில் சுவர் நெடுக ஒரு கயிறு கட்டுங்கள்; நடுவில் நான்கு பேர் உட்கார ஒரு பெஞ்சு போடுங்கள். நான்காவது அறையின் புரொஜெக்டரை அதற்குள் கொண்டுபோய், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் அளவுக்கு அதன் ஒளியைக் குறையுங்கள். சென்சாரைக் கையசைவுக்குப் பதிலாக மூச்சுக்கோ காலடிக்கோ பழக்குங்கள். உங்களில் ஒருவர் வாசலில் நின்று, உள்ளே இருபது நிமிஷம் இருக்க வேண்டும் என்று சொல்லி, சம்மதித்தவர்களை மட்டும் அனுப்புங்கள். முதல் நாள் காலையிலேயே வந்து நான் வரிசையில் நிற்பேன்.

அன்புடன்,
நான்காவது அறையின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன்